தேளுக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?

மற்றப் பிள்ளைகளுக்குப் பேய் என்றால் பயம். எனக்கு டைரக்ட் மெதட் என்றால் பயம்.

பாகூர்ப் பக்கம் அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுதான். அதை நன்றாகப் படித்த என் தாய்மாமன் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாகிச் சைகோனுக்குக் கப்பல் ஏறினார், திரும்பவில்லை. கூடத்துச் சுவரில் தொப்பி வைத்த அவர் படம் மட்டும் இருந்தது. அதனால் அம்மா முடிவு செய்துவிட்டாள்: மகன் இங்கிலீஷ் படிக்கட்டும், இங்கிலீஷ்காரன் ஆளும் கடலூரில் வேலை பார்க்கட்டும், பொழுதுசாய வீட்டுக்கு வரட்டும்.

கடலூரிலிருந்து சைக்கிளில் ஒரு வாத்தியார் வந்தார். "டைரக்ட் மெதட்! பொருளைக் காட்டுவேன், இங்கிலீஷில் பெயரைச் சொல்வேன், பையன் ரிப்பீட் பண்ணணும். தமிழ் மூச்சே வரக்கூடாது" என்றார்.

"இன்னா மெதடோ, பையன் கப்பல் ஏறாம இருந்தா சரி" என்றார் கரும்புக் கொல்லைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா.

தமிழ் வார்த்தை ஒன்று விழுந்தால் உள்ளங்கையில் புளிய விளாறு விழும். நான் விளாறைப் பார்த்துக்கொண்டே "திஸ் இஸ் எ சேர்" என்பேன். அடுப்படியிலிருந்து அம்மாவும் சொல்வாள், என்னைவிடச் சத்தமாக.

ஒருநாள் பாடத்தின் நடுவே கூரைக் கீற்றிலிருந்து ஒரு தேள் வாத்தியாரின் துண்டில் விழுந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு கழுத்தை நோக்கி நடந்தது. தமிழில் சொன்னால் விளாறு. இங்கிலீஷிலோ பசு, பூனை, காக்கை தவிர வேறு பிராணி எனக்குப் பழக்கமில்லை. பசு என்றே சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். விரலை நீட்டினேன்.

"திஸ் இஸ் எ... திஸ் இஸ் எ..."

வாத்தியார் மகிழ்ந்து போனார். "குட்! ஃபினிஷ் தி சென்டென்ஸ்!"

தேள் முந்திக்கொண்டது.

"ஐயோ அம்மா, செத்தேனே!" என்று அலறினார். தூய தமிழ். அம்மா ஓடி வந்து தேளை அடித்தாள். கொட்டுவாயில் வெங்காயம் தேய்த்தாள்.

"ஏண்டா பாவி, வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா கேடு?" என்று என்மேல் பாய்ந்தார் வாத்தியார்.

"தமிழ்ல பேசக்கூடாதுன்னு நீங்கதான சார்..."

"இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்!" மாட்டு வண்டியில் முனகிக்கொண்டே போனார்.

எனக்குத் திருவிழாதான். தேள் சாமிக்குப் பொங்கல் வைக்கலாம் போலிருந்தது. அம்மாவோ அன்று சோறு தின்னவில்லை. மறுநாள் காலையிலேயே ஒரு செம்புப் பாலோடு கடலூருக்கு நடந்தாள். பொழுதுசாய வந்தபோது கால் முழுக்கப் புழுதி. முகத்தில் மட்டும் தெளிவு.

"வர்றேன்னுட்டாருடா. தேளு, பாம்புக்கு மட்டும் தமிழ்ல சொல்லலாமாம்."

நான் உள்ளங்கையைத் தடவிக்கொண்டேன். அம்மா சுவரிலிருந்த மாமா படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நேற்றுத்தானே துடைத்தாள், அதற்குள் அதில் எங்கே தூசி என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.