தீர்த்தமலை ஏறிவிட்டுக் கனகாவின் விருது விழாவுக்குப் போனோம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கடத்தூரிலிருந்து பதினான்கு பேர் வேன் எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் போனோம். கோயிலுக்கு என்று கிளம்பவில்லை. எங்கள் ஊர்க் கனகாவுக்கு விருது கொடுக்கிறார்கள் என்று கிளம்பினோம். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. எப்படி முடியாமல் போனது என்பதை வரிசையாகச் சொல்கிறேன், இதே மாதிரி வண்டி பேசிக் கிளம்புகிறவர்களுக்கு உதவும். நான் ஐந்தாவது வரை படித்தவள். போனில் பேசினால் அதுவே எழுத்தாக்கிவிடுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனகா திருநங்கை. சொந்த ஊர் ஏரியூர்ப் பக்கம். பதினாறு வயதில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் கடத்தூரில் வீடு எடுத்துத் தங்கினாள். சந்தைக்குப் பின்னால் இட்லிக் கடை. கடைக்கு வெளியே அவள் செய்ததுதான் அதிகம். இந்த வட்டாரத்துத் திருநங்கைகளுக்கு அடையாள அட்டை வாங்க ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள் அவள். ஒருத்திமேல் ஒருத்தி உயிராக இருந்த இரண்டு பெண்பிள்ளைகளை வீட்டார் பிரித்து அடைக்கப் பார்த்தபோது, ஸ்டேஷன் வாசலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, "மேஜர் பொண்ணுங்க, அதுங்க இஷ்டம்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி மீட்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் இல்லையென்றால் எங்கள் தெருவில் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். அப்படிப்பட்ட ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, தருமபுரியில் ஒரு மண்டபத்தில் கேடயமும் சால்வையும் கொடுப்பதாக ஏற்பாடு. ஒவ்வொருவரைப் பற்றியும் அவர்களால் நன்மையடைந்த ஒருவர் மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கனகாவுக்குப் பேச வேண்டியவள் நான்.

நான் பேச வேண்டியது இதுதான். போன வருஷம் கால் எலும்பு முறிந்து தருமபுரிப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஏரியூர் அம்மா ஒருவர். அவர்தான் கனகாவைப் பெற்றவர். மூத்த மகன் முருகேசன் பெங்களூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். மருமகள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வந்து வந்து போவாள். கூட இருக்க ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான். அம்மாவின் பாஸ் மருமகளிடம் இருந்ததால், கனகா என் பாஸில் உள்ளே வந்தாள். எனக்குத் துணை என்று பேர், குளிப்பாட்டியது அவள் அம்மாவை. கேழ்வரகுக் கூழைப் பிளாஸ்க்கில் கொண்டுவந்து கரண்டி கரண்டியாக ஊட்டியது அவள் அம்மாவுக்கு. "பெரியவனுக்குத் தெரிஞ்சா சண்டையாயிடும், சொல்லிடாத கண்ணு" என்று அந்த அம்மா கனகாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதை என் காதால் கேட்டேன். முருகேசன் வரும் ஞாயிறுகளில் கனகா சுவரைப் பார்த்து உட்கார்ந்து எனக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள். அவன் மூன்றடி தூரத்தில் நிற்பான்.

அந்த அம்மா பிறகு வீட்டுக்குப் போய் இறந்துபோனார். கனகாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஆனால் ஏரியூரில் உறவு முழுக்க என்ன பேச்சு? "பெத்தவ சாவுக்குக்கூட எட்டிப் பாக்கல." இந்தப் பேச்சை வைத்தே அவளை இனி எந்த நல்லது கெட்டதுக்கும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். விருது என்றதும் அதே உறவுக்காரர்கள், முருகேசனோடு சேர்ந்து, விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான். கனகா என்னிடம் வந்து, "நான் சொன்னா நம்ப மாட்டாங்க ஆயா. நீங்க மைக்குல சொல்லுங்க, நாலு பேரு காதுல விழட்டும்" என்றாள். அம்மா போன பிறகு சொல்வதில் தப்பில்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

வேன் நாள் வாடகை நாலாயிரத்து ஐந்நூறு, டீசலோடு. கடத்தூரிலிருந்து தருமபுரிக்கு நேராகப் போனால் ஒரு மணி நேரம் ஆகாது. விழா பத்தரைக்கு. எட்டரைக்குக் கிளம்பினால் தாராளம். இங்கேதான் என் நாத்தனார் சரோஜா வாயைத் திறந்தாள்.

"வண்டிதான் நாள் வாடகைக்குப் பேசியாச்சே அண்ணி. அப்படியே தீர்த்தமலை ஏறி ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போனா என்னங்க? வெள்ளெனக் கெளம்புனா ஒம்போதுக்கெல்லாம் எறங்கிரலாம்."

"விழா பத்தரைக்கு, சரோஜா."

"பத்தரைன்னு போட்டா பன்னண்டுன்னு அர்த்தம். அதிகாரிங்க வர்ற விழா என்னைக்கு நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்குது?"

டிரைவர் தம்பியும் சேர்ந்துகொண்டான். "அக்கா சொல்றது கரெக்ட்டுங்க ஆயா. நான் எத்தன விழாவுக்கு ஓட்டியிருக்கேன். மாலைக்கே பதினோரு மணிக்குத்தான் ஆள் அனுப்புவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பதின்மூன்று பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் கல்யாணப் பந்தியில் எனக்குப் போட்ட இலையை இழுத்துத் தன் சிநேகிதிக்கு வைத்தவள் இந்தச் சரோஜா. அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒன்றும் மறக்கவில்லை.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி, அரூர் வழியாக ஆறே முக்காலுக்குத் தீர்த்தமலை அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மலை ஏற வயசுப் பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம், என்னைப் போன்றவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். படி நன்றாக இருக்கிறது, சில இடத்தில் செங்குத்து. கையில் பை, பழம், பிரசாதம் எதுவும் வெளியே தெரியக் கூடாது, குரங்கு பிடுங்கிக்கொள்ளும். சரோஜாவின் மூக்குக் கண்ணாடிப் பெட்டியை ஒரு குரங்கு கொண்டுபோய்ப் பாறைமேல் வைத்துக்கொண்டது, அதற்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து மீட்க இருபது நிமிடம். மேலே ராம தீர்த்தம் பாறையிலிருந்து விழுகிறது. மழைக் காலத்தில் நன்றாகக் கொட்டுமாம். நாங்கள் போனபோது கை அகலத்துக்குத்தான் விழுந்தது. சனிக்கிழமை கூட்டம். பெண்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டியிருந்தது. தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி. பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கும் விழா ஞாபகமே இல்லை.

அதற்குப் பிறகு சரோஜா அபிஷேகத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டாள். ஐயர் முந்தைய அபிஷேகத்தை முடித்துவிட்டு வர வேண்டும். உட்கார்ந்தோம். மேலே என் போனில் சிக்னல் கிடையாது, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதி இறங்கியதும் போன் குய்யோ முறையோ என்று கத்தியது. கனகாவிடமிருந்து மூன்று தவறிய அழைப்பு. கடைசி அழைப்பு பத்து இருபதுக்கு. நான் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மேடைக்குப் போயிருப்பாள்.

அடிவாரத்தில் வண்டி ஏறும்போது பத்து ஐம்பது. அங்கிருந்து தருமபுரி ஐம்பத்தைந்து கிலோமீட்டர் என்று டிரைவர் சொன்னான். அரூரில் டிபனுக்கு நிறுத்தலாம் என்று பின்னால் ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. நிறுத்த விடவில்லை. மொரப்பூர்ப் பக்கம் சாலை வேலை நடந்து ஒரு பக்கமாக விட்டுக்கொண்டிருந்தார்கள். மண்டப வாசலில் இறங்கியபோது மணி பன்னிரண்டு இருபது.

பந்தல் தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வர வேண்டிய அதிகாரி அன்றைக்கு வேறு கூட்டம் இருந்ததால் பத்து இருபத்தைந்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டாராம். பத்தரைக்கு டாணென்று விழா ஆரம்பித்து, பன்னிரண்டுக்குள் முடிந்துவிட்டது. முன்வரிசையில் பதினான்கு நாற்காலியில் 'கடத்தூர்' என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். அந்தக் காகிதத்தை ஒரு பெண் உரித்துக்கொண்டிருந்தாள். விருது வாங்கிய மற்ற நான்கு பேரும் தங்கள் சனங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் பென்னாகரத்துத் திருநம்பி, வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு வேலை பிடித்துக் கொடுப்பவராம். அவரைச் சுற்றி முப்பது பேராவது இருப்பார்கள்.

கனகா சாப்பாட்டுக் கூடத்தில் பதினான்கு தக்காளி சாதப் பொட்டலத்தை ஒரு மேசையில் அடுக்கி, அதற்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சால்வை மடித்துக் கையில் இருந்தது.

"மலை ஏறுனீங்களா? முழங்கால் என்னாச்சுங்க ஆயா?"

"என்னெத் திட்டு கனகா."

"திட்டுனா எங்கண்ணன் திரும்பி வந்துருவாரா? அவுங்க எல்லாம் பதினொன்னரைக்கே வண்டி ஏறிட்டாங்க. சாப்புடுங்க, சாதம் ஆறிடும்."

நான் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மற்றவர்கள் சாப்பிட்டார்கள். நான் ஏரியூர் போகிறேன் என்றேன். வேன் சாயங்காலம் வேறு கல்யாண வாடகைக்குப் போக வேண்டும், அந்தப் பக்கம் திருப்ப முடியாது என்று டிரைவர் கையை விரித்துவிட்டான். கனகா தடுக்கவில்லை. "போறதுன்னா போங்க. நான் சொல்லி அனுப்புனேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பின்னாலேயே சரோஜா வந்தாள். நான் கூப்பிடவில்லை.

தருமபுரியிலிருந்து பென்னாகரத்துக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கே இறங்கி ஏரியூர்ப் பஸ் பிடிக்க முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். சரோஜா எதிர் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில், "நான் பேசட்டுங்களா அண்ணி? என்னாலதான் லேட்டுன்னு?" என்றாள். "நீ காலையில பேசுனதே போதும்" என்றேன்.

முருகேசன் வீட்டில் இருந்தான். விழாவுக்குக் கட்டிய வெள்ளை வேட்டியை இன்னும் மாற்றவில்லை.

"கடத்தூருங்க. இன்னைக்கு மேடையில பேச வேண்டியவ நான்தான்."

"ஓ. கடத்தூர்லருந்து ஒருத்தரு பேசறதா இருந்துச்சு, வரலைன்னு மைக்குல சொன்னாங்க. எங்க சித்தப்பா சிரிச்சாரு. 'பேச ஒரு ஆள்கூட இல்லாததுக்கு என்னாத்துக்கு அவார்டு'ன்னாரு."

அவன் பொய் சொல்லவில்லை, வேண்டுமென்று குத்தவும் இல்லை. நடந்ததைச் சொன்னான். நான் நின்றபடியே பேசினேன்.

"உங்கம்மா படுத்திருந்தப்ப பக்கத்துக் கட்டில்ல யாரு இருந்தாங்க, ஞாபகம் இருக்குதா சாமி?"

அவன் என் காலைப் பார்த்தான். "கட்டுப் போட்டிருந்தீங்களே, நீங்களா? உங்க பொண்ணுதானே கூட இருந்துச்சு. நான் போறப்பல்லாம் தல வாரிக்கிட்டு இருக்கும். குடுத்துவச்சவங்கன்னுகூட உங்ககிட்டச் சொன்னேன்."

"எனக்குப் பொண்ணே கெடையாது. நாலும் பசங்க."

அவன் நெல் மூட்டைமேல் உட்கார்ந்தான். அவன் மனைவிதான் உள்ளேயிருந்து சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேனே, அந்தப் பிளாஸ்க்குக் கூழு நம்ம வூட்டுக் கூழு இல்லைன்னு."

குளிப்பாட்டியதையும் ஊட்டியதையும், அம்மா கையைப் பிடித்துக் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன். முருகேசன் கேட்டுக்கொண்டான். கனகாவை 'அவன்' என்றும் சொல்லவில்லை, 'அவள்' என்றும் சொல்லவில்லை.

"நம்பறங்க. ஆனா நான் மட்டும் நம்பி என்னா ஆவப்போவுது? சித்தப்பா, மாமா, பங்காளிங்க எல்லாரும் இன்னைக்கு ஒரே வண்டியில வந்தாங்க. அங்க வச்சுச் சொல்லியிருந்தா அவுங்களால தட்ட முடியாது. இப்ப நான் போய்ச் சொன்னா, கூடப் பொறந்தது காசு குடுத்துச் சரிக்கட்டிருச்சும்பாங்க."

"எல்லாத்தையும் மறுபடி ஒருநாள் கூட்டு. நான் வர்றேன்."

"என்னான்னு சொல்லிக் கூட்டறது? இனி ஒரு சாவுக்குத்தான் ஆயா எல்லாம் ஒண்ணாச் சேருவாங்க."

அவன் மனைவி மோர் கொடுத்தாள், குடித்தோம். பஸ் வரும்வரை கூட வந்து நின்றான். கனகாவின் போன் நம்பரைக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. என் நம்பரைத்தான் வாங்கிக்கொண்டான்.

ஊர் திரும்பக் கடைசிப் பேருந்து எப்போது என்று கேட்டுக்கொண்டு போங்கள், நாங்கள் கேட்காமல் போய்ப் பென்னாகரத்தில் நெடுநேரம் நின்றோம். தீர்த்தமலைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், கார்த்திகைக்குப் பிறகு போனால் தண்ணீர் நன்றாக இருக்கும் என்கிறார்கள். ஒருவருக்கு மரியாதை செய்கிற இடத்துக்குப் போவதென்றால் அதற்கு மட்டும் போங்கள். பத்தரை என்று போட்டிருந்தால் பத்து மணிக்கு அந்த நாற்காலியில் இருங்கள். விழா லேட்டாகத்தான் ஆரம்பிக்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முருகேசன் போன் செய்தால், அது எதற்காக இருந்தாலும், முதல் பஸ்ஸில் ஏறிவிடுவதாக இருக்கிறேன். வழியில் எங்கேயும் இறங்குவதாக இல்லை.