இரண்டு பாக்கெட் வைத்த சட்டை

என் மனைவியின் முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள் அவளுடைய அலமாரியைக் காலி செய்தோம். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம். போனவர்களின் துணி முப்பது நாளுக்கு மேல் வீட்டில் இருக்கக்கூடாது. நல்லதாக இருப்பதை மாதா கோயில் பஜாருக்குக் கொடுத்துவிடுவோம். மகள் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். மைத்துனி சித்தியவானிலிருந்து கறுப்புப் பிளாஸ்டிக் பைகளோடு வந்து இறங்கினாள்.

அந்த ஒரு மாதமும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அடக்கத்தன்று எல்லாரும் அழுதார்கள். நான் பந்தல்காரனோடு நின்றுகொண்டு நாற்காலியை எங்கே போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எந்தச் சேலை கட்டுவது என்று கேட்டார்கள். கல்யாணச் சேலை என்றேன். எல்லா வீட்டிலும் அதுதானே கட்டுகிறார்கள். பிறகு வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். குழம்பில் உப்பு இல்லை என்று மகள் சொன்னபோது நான் ஏற்கெனவே பாதி சாப்பிட்டு முடித்திருந்தேன்.

அலமாரியின் வலது ஓரத்தில் என் சட்டைகள் தொங்கின. ஆறும் ஒரே மாதிரி. மணல் நிறம், அரைக் கை, நெஞ்சில் மூடி வைத்த இரண்டு பாக்கெட். ஏழாவதை நான் போட்டிருந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள்தான் துணி எடுத்து ஈப்போவில் தைக்கக் கொடுப்பாள். என்னை அளவெடுக்கக்கூடக் கூட்டிப் போனதில்லை. சாயங்காலம் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து கழுத்தில் டேப்பைச் சுற்றுவாள், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு ஊரே பூப்போட்ட பாத்தேக் சட்டையில் வரும். நான் மட்டும் ஆள் கணக்கு எடுக்க வந்த கங்காணி மாதிரி நிற்பேன். ஏன் இப்படி என்று கேட்டால், "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? போட்டுக்குங்க" என்பாள். காலையில் இடது பாக்கெட்டில் சீவின பென்சில் ஒன்றைச் செருகி அனுப்புவாள். சிம்பாங் பூலாயில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எனக்கு வேலை. கவுண்டரில் பேனா கொட்டிக் கிடந்தது. இருந்தாலும் பென்சில்.

அந்த ஆறையும் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

"அத்தான், இது உங்க சட்டை லா" என்றாள் மைத்துனி.

"அவ எடுத்ததுதானே. அவ துணியோட போகட்டும்."

அவள் என் மகளைப் பார்த்தாள். மகள் தோளைக் குலுக்கினாள். அடக்கத்துக்குப் பிறகு வாய் திறந்து நான் ஒரு முடிவு சொன்னதே அது ஒன்றுதான், அதனால் யாரும் தடுக்கவில்லை என்று நினைக்கிறேன். மைத்துனியின் கார் கேட்டைத் தாண்டிப் போனது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மத்தியானம் மகள் ஒரு பச்சை ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் பொத்தான் வைத்தது. கிளினிக் கவுண்டரில் வேலை பார்த்த காலம் முழுக்க வாரத்தில் ஒரு நாள் என் மனைவி அதைப் போட்டுக்கொண்டு போவாள்.

"இத மட்டும் நான் எடுத்துக்கிறேன்பா. இது டெலிபோன்காரி."

"எந்த டெலிபோன்காரி?"

"ஐயோ அப்பா, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அவள் சொன்னாள். என் மனைவி சின்ன வயதில் சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது, டவுனில் ஒரு பாய் கடைக்கு இந்தியாவிலிருந்து வாரப் பத்திரிகை வரும். அதில் வந்த தொடர்கதை ஒன்றில், மலையூர் டெலிபோன் ஆபீசில் ஒருத்தி வேலை பார்க்கிறாள். ஊரில் எல்லாருக்கும் லைன் போட்டுக் கொடுக்கிறாள், அவளைக் கூப்பிட்டுப் பேச ஒருவரும் இல்லை. அவள் போடுவது பச்சை ரவிக்கை. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது மணி பார்க்க வசதியாக, வாட்சின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பாள். என் மனைவியும் அப்படித்தான் கட்டுவாள். கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க என்று நான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை போடும் சாம்பல் நிற மலாய் உடுப்பு, அந்த பாஜு கூரோங்கும் நீளப் பிடி வைத்த கறுப்புக் குடையும் வேறொரு கதையில் திருடனைப் பிடிக்கும் கிழவியாம். மஞ்சள் கயிற்றில் கோத்து இடுப்பில் சொருகும் வீட்டுச் சாவி, தங்கும் விடுதி நடத்தும் ஒரு விதவையாம்.

"யாருக்கும் தெரியக்கூடாதாம்பா. தெரிஞ்சிட்டா அது மாறுவேஷப் போட்டின்னு அம்மா சொல்வாங்க."

"உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"நானும்தானே சேந்து ஆடினேன். ஸ்கூலுக்குப் போறப்ப ஒரு சாக்ஸ மட்டும் மடிச்சு விட்டுக்குவேன், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. இரண்டையும் ஒழுங்காக இழுத்துவிடு என்று நான் தினமும் கத்தியதும் ஞாபகம் வந்தது. அம்மாவும் மகளும் அடுப்படியில் எதற்குச் சிரித்தார்கள் என்று இப்போது தெரிந்தது. சொந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவன் மாதிரி ஆகிவிட்டது எனக்கு. ஒரு மாதத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று குத்தியது. துக்கம் இல்லை, பொறாமை.

"அப்ப நான் யாரு?" என்றேன்.

"உங்களப் பத்தி அம்மா ஒண்ணும் சொன்னதில்லப்பா." மகள் ரவிக்கையை மடித்துக்கொண்டே, "கல்யாணச் சேலையில அம்மாவ வேற யாரோ மாதிரி அனுப்பிட்டோம்" என்றாள். சேலையைச் சொன்னது நான்தான்.

பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, என் மனைவி அந்தத் தொடரை வெட்டித் தைத்து சிமெண்டுப் பைக் காகிதத்தில் அட்டை போட்டு வைத்திருந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கதை படிக்கிற ஆள் இல்லை நான். பிரேக் லைனிங் பட்டியல் தவிர வேறு எதையும் முழுசாகப் படித்ததில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த விளையாட்டில் நான் இருந்தேனா, இல்லையா. முப்பத்தோரு வருஷம் ஒருத்தியோடு இருந்துவிட்டு இதைக்கூடப் புத்தகத்தில்தான் தேட வேண்டியிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைக் கவுண்டரிலேயே படித்தேன். என்னிடம் மிச்சம் இருந்த ஒரே மணல் நிறச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். கூட வேலை பார்ப்பவன் மூன்றாம் நாளே, "என்ன அண்ணே, யூனிஃபார்மா? வேற பாஜு இல்லையா லா?" என்றான். போடா என்றேன்.

கதையில் ஒரு டாக்டர் வருகிறார். நல்லவர். டெலிபோன்காரியை விரும்புகிறார். ஒவ்வொரு வாரமும் அவர் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்தேன். வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளை முழுக்கைச் சட்டை. ஒரு இடத்தில் கோட்டு. கடைசி வாரத்தில் அவரைத்தான் அவள் கல்யாணம் செய்துகொள்கிறாள். எரிச்சலாக இருந்தது. நடுவில் அவசரத்தில் தாண்டிய பக்கங்களுக்குத் திரும்பிப் போனேன். அங்கே இருந்தான்.

லாரி டிரைவர். டெலிபோன்காரி ஆபீசில் அவமானப்பட்டு மழையில் வெளியே வருகிறாள், பஸ் போய்விட்டது. ஒரு லாரி நிற்கிறது. மணல் நிறச் சட்டை, மூடி வைத்த இரண்டு பாக்கெட், இடது பாக்கெட்டில் ஒரு பென்சில். தோளில் கிடந்த துண்டை எடுத்து சீட்டைத் துடைத்து, உட்காருங்கள் என்கிறான். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். அரைப் பக்கம். அவனுக்குப் பெயர்கூட இல்லை. அதற்குப் பிறகு கதையில் அவன் வரவே இல்லை.

முதலில் வந்தது கோபம்தான். முப்பத்தோரு வருஷத்துக்கு அரைப் பக்கமா என்று. புத்தகத்தை மூடப் போனபோதுதான் ஓரத்தைப் பார்த்தேன். அவள் கையெழுத்து. கழுத்து 14½. அதை அடித்துவிட்டு 15. அதையும் அடித்து 15½. கடைசியாக, கிளினிக்கின் நீல மையில், 16. அடிக்காமல் இருந்தது அது ஒன்றுதான்.

பதினாலரை, கல்யாணத்துக்கு முன்னால் என் கழுத்து. அப்போது நான் கம்பெனி லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் இருந்த தோட்டத்து ஃபேக்டரிக்குச் சாமான் இறக்கப் போவேன். அவள் ஆபீசில் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். ஒரு நாள் நல்ல மழை, சித்தியவான் பஸ் ஸ்டாண்டு வரை ஏற்றிக்கொண்டு போனேன். சீட்டைத் துடைத்தேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அன்று நான் போட்டிருந்தது கம்பெனியின் நீலச் சட்டை, அது மட்டும் நிச்சயம்.

கடை முதலாளி தவ்கேயிடம் சொல்லிவிட்டு அப்போதே கோயிலுக்குப் போனேன். பஜார் நடத்தும் அக்கா ஹாலைப் பூட்டிக்கொண்டிருந்தார். "போன ஞாயித்துக்கிழமையே எல்லாம் போயிருச்சே அண்ணே. நல்ல சட்டைங்க, மொதல்ல அதுதான் போச்சு" என்றார். வெளியே கல்லறைப் பக்கம் ஒரு பங்களாதேஷ்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மணல் நிறம், இரண்டு பாக்கெட். அவருக்குச் சரியாகத்தான் இருந்தது. இப்படி ஒரு காரியத்தை என்னைத் தவிர வேறு எந்த மடையனும் செய்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

மறுவாரம் அதே நிறத்தில் துணி எடுத்துக்கொண்டு ஈப்போ தையல் கடைக்குப் போனேன். தையல்காரப் பாய்க்கு என்னைத் தெரியவில்லை, சட்டையைத் தெரிந்தது. "அக்கா வரலையா?" என்றார். சொன்னேன். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். பிறகு என்னை அளந்தார்.

"கழுத்து பதினஞ்சுண்ணே. எளச்சிட்டீங்க."

புத்தகத்தைத் திறந்து ஓரத்தைக் காட்டினேன். "பதினாறு வச்சுத் தைங்க பாய்."

"பதினாறு வச்சா தொளதொளன்னு நிக்கும்ணே. இப்ப உள்ள அளவு இது இல்ல."

"நிக்கட்டும். அவ எழுதினது பதினாறு."

சொல்லி முடிக்கும் முன் அழுகை வந்துவிட்டது. அடக்கத்தில் வராதது, முப்பதாம் நாளில் வராதது, அந்தக் கடையில் நாலு பேர் பார்க்க வந்தது. பாய் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலில் கிடந்த துணி வெட்டுகளைத் தள்ளிவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து அதைத் துடைத்து, "உக்காருங்கண்ணே" என்றார்.