கரும்புக்குள் கிடைத்த குட்டிகள்

படாளத்தில் எங்கள் கரும்பை வெட்டும்போது, காய்ந்த இலைச் சோகைக்குள் இரண்டு பூனைக்குட்டிகள் கத்திக்கொண்டு கிடந்தன. தாய் விட்டுப் போய்விட்டதென்று நினைத்து, கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மாலையில் நெட்டைக் காலுடன் ஒரு பெரிய பூனை வேலியோரம் வந்து என்னைப் பார்த்து உறுமியது.

சத்தம் கேட்டு வந்த என் கணவர், "இன்னாமே பண்ணிவச்சிகீற? இது காட்டுப்பூனை! நம்ம கோழியத் தூக்கினு போறது இதான். குட்டியத் தேடிகினு வந்துகீது" என்றார்.

"ஐயோ பாவம்! வாங்க, உடனே வுட்டுட்டு வந்துடலாம்" என்றேன்.

எடுத்த இடத்திலேயே குட்டிகளை விட்டுவிட்டு, தூரத்தில் நின்று பார்த்தோம். அது வந்து முகர்ந்து, நக்கி, ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது. எங்கள் கோழிகளைத் தின்ற வாய்தான். ஆனால் குட்டியை எவ்வளவு மெதுவாகப் பிடித்தது!

இப்போதெல்லாம் வெட்டுக்கு வரும் ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டி தென்பட்டால் யாரும் தொடுவதில்லை. தாய் வந்து கொண்டுபோகும்வரை அந்த மூலைக் கரும்பு அப்படியே நிற்கும்.