நிறமாலையும் ஓர் அரக்குப் புடவையும்

ஈரக் கஞ்சி வாசனை... தறிக்கு மேலே நாற்பது வாட் பல்பு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் புடவை ஆழ்ந்த அரக்காக மின்னியது. எழுபதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். என் ஞாபகத்தை நானே முழுதாக நம்புவதில்லை.

அப்போது கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. என் நிச்சயதார்த்தத்துக்குப் பெண் அரக்குப் புடவை கேட்டதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையம் போனேன்.

"காலைல வந்து வெயில்ல ஒருதபா பாத்துடுப்பா. பல்ப நம்பாதே," என்றார் நெசவாளர்.

காலையில் எனக்கு லேப். முப்பட்டகக் கண்ணாடியால் ஒளியைப் பிரித்து, சிவப்பு முதல் ஊதா வரை மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். அந்த வண்ண வரிசைக்கு நிறமாலை என்று பெயர். வெள்ளைச் சுவரில் அது மிதப்பதைப் பார்த்தபடியே நின்றுவிடுவேன்... நெசவாளரை மறுபடி தொந்தரவு செய்யக் கூச்சம். அப்போதே வாங்கி வந்துவிட்டேன்.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டு முற்றத்தில். பத்து மணி வெயில். பெண்ணின் அத்தை புடவையை விரித்தார்.

கத்திரிப்பூ நிறம்!

"இன்னாபா இது? பொண்ணு அரக்கு கேட்டா, மாப்ள கத்திரித் தோட்டத்தையே எடுத்துக்கினு வந்துக்கிறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். 'கேட்டதைக்கூடச் செய்யாதவருக்கா பெண்ணைக் கொடுக்கிறோம்' என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது.

"இல்லீங்க... பல்பு வெளிச்சத்துல நீலமும் ஊதாவும் கம்மி. வெயிலோட நிறமாலை வேற..."

"இன்னா மாலை? ரோஜா மாலைதான் வந்துடுச்சே. இது எந்தப் பூக்கடைல கட்றாங்க?" என்றார் அத்தை.

முற்றமே சிரித்தது. நான் தலை குனிந்தேன்.

கதவோரம் நின்ற பெண் பேசினாள். "சும்மா இரு அத்த... ஏங்க, அப்ப பல்பு கீழ கட்டினா இது அரக்கா தெரியுமா?"

"தெரியும்... தெரியணும்."

"பாத்தியா அத்த, ஒண்ணு வாங்கினா ரெண்டு பொடவ! எனக்கு இதுவே போதும்."

கல்யாணத்துக்குப் பின் ஒருநாள் சாயங்காலம் அதைக் கட்டிக்கொண்டு பல்பின் கீழ் நின்றாள். அரக்கு. வாசலுக்குப் போனாள், கத்திரிப்பூ. உள்ளே வந்தாள், மறுபடி அரக்கு... வெளிச்சம் மங்கும்வரை போய்ப் போய் வந்தாள்.

இன்று பேத்தி செல்போனிலேயே புடவை வாங்குகிறாள். படத்துக்குக் கீழே, 'நிறம் சற்று மாறுபடலாம்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அன்று அப்படி ஒரு வரி இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

ஆனால், என் மனைவி என்னிடம் முதன்முதலாகப் பேசியதே அந்தப் பல்புக் கேள்விதான்.