ஆறு கையெழுத்துக்கான இடம்

அந்த மனு ஒரே ஒரு தாள். இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மடித்த ஓரம். கீழே ஆறு கையெழுத்துக்கு ஆறு கோடுகள். கொண்டுவந்தவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் இளையவரான விரிவுரையாளரின் மனைவி. நெருக்கடி நிலையில் கணவரைப் பிடித்துப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிறையில் ஆஸ்துமா முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு மாற்றும்படி அரசுக்கு ஒரு கோரிக்கை. கௌரவமானவர்கள் ஆறு பேர் ஒப்பமிட்டால் மேலிடத்தில் கவனிப்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

வட்டம் மயிலாப்பூரில் பேராசிரியர் வீட்டில் கூடும். மிஞ்சியிருந்தவர்கள் ஐந்து அறிஞர்கள். கூட்டக் குறிப்பு எழுத, பாங்கு குமாஸ்தாவான நான். சுதந்திரம் என்ற கருத்தைக் கிரேக்கர்களிலிருந்து தொடங்கி வருடக்கணக்கில் அலசியவர்கள் அவர்கள். அவர்களுடைய சிந்தனையின் தாக்கம் இன்றும் நிலைத்திருப்பதாகப் போன வாரம் ஒரு நினைவு மலரில் படித்தேன். அந்தத் தாக்கத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பேராசிரியர் மனுவை இரண்டு முறை படித்தார். "ஏம்மா, இதுல உரிமைன்னு போட்டிருக்கே. சட்டத்தையே நிறுத்தி வெச்சிருக்கச்சே உரிமை எங்கேருந்து வந்தது?"

"அப்போ கருணைன்னு போட்டுடும் ஓய்" என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி.

"கருணை கேட்டா அரசாங்கத்தை எஜமான்னு ஒத்துண்ட மாதிரி ஆயிடும். முப்பது வருஷமா நான் எழுதிண்டு வந்ததெல்லாம் என்னாறது?"

"அதைப் படிச்சவா யாரு, முதல்ல சொல்லும்!"

எல்லோரும் சிரித்தார்கள். போண்டா வந்தது. அந்த அம்மாள் தட்டைத் தொடவில்லை.

"வார்த்தை எதுவா இருந்தாலும் பரவாயில்ல சார். படுக்க முடியாம உக்காந்தே இருக்காராம்."

"அதனாலதாம்மா ஜாக்கிரதையா எழுதணும்கறேன்" என்றார் பேராசிரியர், மிகுந்த பரிவோடு.

இரண்டாம் ஞாயிறு உரிமை. மூன்றாம் ஞாயிறு கருணை. நான்காம் ஞாயிறு இரண்டும் வேண்டாம், மனிதாபிமானம் என்று போடலாம் என முடிவாகி, அதன் வரையறையில் வந்து நின்றது. பயமாக இருக்கிறது என்று ஒருவராவது சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். எனக்கும் பயம்தான், வேலை போய்விடும் என்று. அவர்களோ தங்கள் பயத்துக்கு அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் எழுந்து என்னிடம் வந்தார். "அடையாறு பஸ்ல தினமும் அவரோட ஒண்ணா போவீங்களே சார். நீங்களாவது போடுங்களேன்."

பேனா என் கையில் திறந்தபடி இருந்தது. "முதல் கோடு பேராசிரியருக்குங்க. வரிசைப்படி அவர் போட்டதும் நான் போடறேன்" என்றேன்.

"நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறு வருடம் எல்லோரையும் விடுவித்தபோது விரிவுரையாளரும் வந்தார். நுரையீரல் பாதி போயிருந்தது. பேராசிரியர் அவரைப் பாராட்ட ஒரு சிறப்புக் கூட்டம் வைத்தார். தலைப்பு, சுதந்திரத்தின் விலை. கூட்டம் மாடியில். பதினெட்டுப் படிகள். விரிவுரையாளர் மூன்றாம் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். கீழேயே கூடலாம் என்று அத்தனை அறிவாளிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மெதுவா வாங்கோ, ஒண்ணும் அவசரமில்லே" என்றார் பேராசிரியர், மேலிருந்து.

விரிவுரையாளர் இறங்கி, மனைவியோடு ரிக்‌ஷா ஏறிப் போய்விட்டார். கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியது. நானும் மேலேதான் இருந்தேன்.