சந்தனம் பூசிய கண்ணாடி

சவரிமுத்து அண்ணன் இன்று காலையில் போய்விட்டார்.

எங்கள் கல்லூரியில் பிசிக்ஸ் லேப் அட்டெண்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் மனைவி போன் செய்தபோது நான் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு அவர் ஊரான குளத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

என் ஆராய்ச்சி என்னவென்று இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளை பெயின்ட் பூசிய கண்ணாடியில் லேசர் பட்டால் வெளிச்சம் கன்னாபின்னாவென்று சிதறிவிடும். உள்ளே போகும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்தால், அந்தப் பக்கம் அது ஒரே புள்ளியாகக் கூடும். அதுதான் என் பிழைப்பு.

ஒரே நிபந்தனை, கண்ணாடி மயிரிழைகூட அசையக் கூடாது.

அண்ணன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜைக்கு லேபைக் கழுவி, எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பதும் அவர்தான். வேறு யாரையும் விடமாட்டார்.

ஒரு வருஷம், மூன்று நாள் பாடுபட்டு நான் செட் பண்ணி வைத்திருந்த கண்ணாடியிலும் வைத்துவிட்டார். பொட்டுகூட இல்லை, ஒரு பூச்சு!

"மொட்டையா இருந்துச்சு மேடம், பாக்க நல்லாவா இருக்கும்?"

கத்தித் தீர்த்துவிட்டேன். அப்புறம் கோபம் ஆறி, சும்மா பார்ப்போமே என்று, சந்தனம் காய்ந்ததும் அதையே வைத்துச் சோதனையை ஓட்டினேன். ஃபேன்கூடப் போடாமல் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கம்ப்யூட்டர் திரையில் மெல்ல மெல்ல... புள்ளி!

அண்ணன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"அப்ப என் கண்ணுக்குள்ளயும் இப்புடி வெளிச்சத்த விட்றலாமா மேடம்?"

கல்யாணமான புதிதில் கதிரடிக்கும்போது நெல் தெறித்து அவருடைய இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. கருவிழி முழுக்க வெள்ளை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "பாப்போம்ணே" என்றேன். சந்தோஷத்தில் வாயில் வந்த வார்த்தை, அவ்வளவுதான். அப்புறம் மறந்தும் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் மனைவி லேபுக்கு வந்தார்.

"கருவிழிய மாத்திரலாம்னு மதுரை டாக்டரு எப்பவோ சொல்லிட்டாரு மேடம். இவருதான் போக மாட்டேங்குறாரு. மேடம் மெஷின் செய்றாங்க, அதுக்குள்ள எதுக்குக் கத்தின்னு கேக்குறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷம்... என் ஒரு வார்த்தைக்காக.

அன்றைக்கே அவரை உட்காரவைத்துச் சொன்னேன். "அண்ணே, கண்ணாடி அசையாம நிக்கும், கண்ணு நிக்குமா? என்னால முடியாதுண்ணே. அன்னைக்கே சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

அண்ணன் என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"சந்தனம் பூசுனதுக்குப் பழி வாங்கிட்டீங்களே மேடம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதுவிட்டேன்.

அடுத்த மாதமே மதுரைக்குப் போனார். முகம் தெரியாத யாரோ கொடுத்துவிட்டுப் போன கருவிழி. லீவு முடிந்து வந்த அன்று ஆபீஸில் கையெழுத்துகூடப் போடாமல் நேரே லேபுக்கு வந்து, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரை முன்னால் நின்றார்.

"தெரியுது மேடம்... ஆனா புள்ளி லேசா கோணலா இருக்கு. சரி பண்ணுங்க."

உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது.

இன்று நான் போய்ச் சேர்வதற்குள் கண் வங்கியிலிருந்து வந்து போய்விட்டார்கள். அவர்களுடைய போன் நம்பரை அண்ணன் காலண்டர் பக்கத்திலேயே எழுதி ஒட்டி வைத்திருந்தாராம்.

"அந்த நல்ல வலது கண்ண குடுத்துட்டோம் மேடம்" என்றார் அவர் மனைவி. "வாங்குனவன் குடுக்கணும்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. மூச்சு நின்ன ஒடனே மொத போன் அவங்களுக்குத்தான். ரெண்டாவது ஒங்களுக்கு."

பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இமை மூடித் தூங்குகிறவர் மாதிரிதான் இருந்தார்.

போயிட்டு வாங்கண்ணே. இந்த ஆயுத பூஜைக்கு அந்தக் கண்ணாடிக்கு நானே சந்தனம் பூசிடுறேன்.