மேற்கே இழுத்த ஸ்டியரிங்

பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செய்தித்தாளில் வேலை. "கட்டுப்பாட்டை இழந்த வாகனம் சாலையோரம் பாய்ந்தது" என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். கட்டுப்பாட்டை இழப்பது ஓட்டுகிறவன் கைக்கு எப்படித் தெரியும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இப்போது தெரியும். அது பாய்ச்சலே இல்லை. தூங்குகிறவன் விழித்துவிடாமல் யாரோ போர்வையை மெல்ல உருவுவது போல இருக்கும்.

நீங்கள் சிரிக்கலாம். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் மனைவி சுகந்தியின் தாய்வீடு குஜிலியம்பாறையைத் தாண்டி ஒரு கிராமம். தார்ச்சாலையிலிருந்து உள்ளே மண்பாதைதான். மழை பெய்தால் சின்னக் கார் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். அவளுக்குப் பிரசவ நாள் ஐப்பசி மழையில் வருகிறது என்று தெரிந்ததும்தான், காடுமேடெல்லாம் ஏறுகிற ஃபோர் வீல் வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கினேன். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு முன்னால் சாக்கடை ஓடுகிறது. அதன்மேல் போட்டிருந்த சிமெண்ட் பலகை இந்தக் கனத்தைத் தாங்காது. சுகந்தியின் தம்பி முத்து, வண்டி வருவதற்கு முந்தின நாளே டிராக்டரில் ஒரு கருங்கல் பலகையைக் கொண்டுவந்து சாக்கடைமேல் போட்டான்.

"மாமா, இதுமேல யானையவே ஏத்தலாம்" என்றான்.

"யானைக்கு மாச மாசம் தவணை கட்ட முடியாது மாப்ளே" என்றேன்.

அந்தக் கல்லின்மேல்தான் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கி, வீட்டுக்குள் ஏற்றினோம். அப்புறம் தினமும் அதன்மேல்தான் ஏறி இறங்கியது வண்டி.

முதல் வாரத்திலேயே ஸ்டியரிங் அலைந்தது. கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், வண்டி இப்படியும் அப்படியும் நழுவும்; கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். "குடிச்சவன் மாதிரி ஓட்டுறீங்க" என்றாள் சுகந்தி. வீல் அலைன்மெண்ட் பார்க்கிற சிக்கந்தர் பாயிடம் கொண்டுபோனேன். பழக்கமானவர். டயரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, கம்பெனிலேர்ந்து வர்றப்ப டயர்ல ஏகத்துக்குக் காத்தடிச்சு அனுப்பிருவாங்க. யாரும் எறக்கல. பந்துமேல உக்காந்து போனா அலையாம என்ன செய்யும்?"

காற்றைக் குறைத்தார். அலைன்மெண்ட் பார்த்தார். அடியில் படுத்து ஒவ்வொரு ராடாக ஆட்டிப் பார்த்தார். "இனி நீங்க தூங்குனாலும் அது நேராப் போகும்" என்றார். போனது. புறவழிச் சாலையில் கையை விட்டே ஓட்டிப் பார்த்தேன், கோடு போட்டது போலப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுகந்தியோடு அவள் ஊருக்குப் போனேன். எரியோடு தாண்டி, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடர்ந்த ஓர் இடத்தில் வண்டி இடப்பக்கம் இழுத்தது. சாலை ஓரத்துக்குச் சரிந்திருக்கும், அதனால்தான் என்று நினைத்தேன். நியாயமான காரணம். ஆனால் திரும்பி வரும்போது அதே இடத்தில் வண்டி வலப்பக்கம் இழுத்தது. சாலைச் சரிவு என்றால் அப்போதும் இடப்பக்கம்தானே இழுக்க வேண்டும்? இது சாலையின் நடுமேட்டில் ஏறி, எதிரே லாரி வருகிற பக்கத்துக்குப் போகப் பார்த்தது. வடக்கே போகும்போது இடம், தெற்கே வரும்போது வலம். இரண்டும் மேற்கு.

மறுநாள் பாயை ஏற்றிக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். ஒன்றுமில்லை. அவர் ஓட்டினார், நான் ஓட்டினேன், போனோம், வந்தோம். ஒன்றுமே இல்லை.

"அண்ணே, வீட்ல அக்காகூடச் சண்டையா? கவனம் எங்கேயோ இருக்கு."

தனியாக ஒருநாள் போய்ப் பார்த்தேன். நேராகப் போனது. அடுத்த வாரம் சுகந்தியோடு போனேன். இழுத்தது. முன்பைவிடப் பலமாக. இதைச் சொன்னபோது பாய் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா மாசமா இருக்காங்கல்ல?"

"ஆமா."

"கொஞ்ச நாளைக்கு அவங்கள வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போக வேணாமே."

நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் வளைகாப்பு முடிந்து அவளைத் தாய்வீட்டில் விடப் போனபோது வாடகைக் கார்தான் பிடித்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கார் நேராகப் போனது.

அதன்பின் வாரம் ஒருமுறை என் வண்டியில் தனியாகப் போய் அவளைப் பார்த்து வந்தேன். அப்படிப் போயிருந்த ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல் பெருமழை. என் மாமியார் கீரனூரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். வீட்டில் சுகந்தியும் முத்துவும் நானும்தான். சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னங்க, காலையிலேர்ந்து புள்ள அசையல."

இதற்குமேல் எதையும் யோசிக்க இடமில்லை. பாதை முழுக்கச் சேறு. வேறெந்தக் காரும் ஆம்புலன்சும் உள்ளே வராது. மருத்துவமனைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் முன்னிருக்கையில் ஏறினாள். முத்து பைக்கில் பின்னால் வந்தான். சேற்றை வண்டி அலட்டிக்கொள்ளாமல் கடந்தது. தார்ச்சாலை ஏறியதும் மழை விட்டிருந்தது. நல்ல வெளிச்சம், மங்கல் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இருட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

"இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

"இல்ல" என்றாள் ஒவ்வொரு முறையும். அப்புறம் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அந்த இடம் வருமுன்பே வேகத்தை நன்றாகக் குறைத்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். அது என் கைகளுக்குள் திரும்பியது. உதறவில்லை, வெட்டவில்லை. நான் முழுப் பலத்தோடு இடப்பக்கம் பிடித்திழுக்க, அது பாட்டுக்கு வலப்பக்கம் திரும்பியது. பிரேக்கை மிதித்தேன். ஈரத்தில் டயர் வழுக்கியது. எதிரே வந்த லாரி ஹாரனை அலறவிட்டபடி எங்களுக்குப் பின்னால் வளைத்துக்கொண்டு போனது. வண்டி சாலையைக் கடந்து, முள்மரத்துக்குள் மூக்கை நுழைத்து நின்றது. என்ஜின் அணைந்தது.

சுகந்தி கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்க போற? சுகந்தி!"

"செத்த இருங்க. தோளு வலிக்குது. இத வச்சிட்டு வாரேன்."

முள்ளுக்குள் ஒரு இடைவெளி இருந்தது. அதற்குள் நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல்தூண்கள், ஒரு ஆள் கை விரித்தால் தொடுகிற தூரத்தில் நட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே எதுவும் இல்லை. அவள் நேராக அங்கே போனாள். தோளிலிருந்து பையைக் கழற்றி, வீட்டு அலமாரியில் வைப்பது போலப் பார்க்காமலே, அந்த இரண்டு தூணுக்கும் நடுவில் வைத்தாள்.

பை அங்கேயே நின்றது.

நம்புங்கள், நம்பாமல் போங்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பை எந்தத் தூணையும் தொடவில்லை. அதன் அடிப்பக்கத்துக்குக் கீழே, அப்பால் அறுத்துவிட்ட சோளக்காடு தெரிந்தது. அறுத்த அடித்தாள்களுக்கு நடுவே தண்ணீர் நின்றது. பையின் வார் தொங்கி லேசாக ஆடியது. அவள் கையை எடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாரம் இறக்கியவர்கள் விடுகிற மூச்சு ஒன்றை விட்டாள். அப்புறம் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தாள்.

"ஏங்க... உதைக்குதுங்க."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் ஓடிப்போவதற்குள் அவளே பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். திரும்பினால், முத்து பைக்கில் உட்கார்ந்தபடியே காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, அக்கா அந்தப் பைய எதுமேல வச்சுச்சு?"

அவன் தூண்களைப் பார்த்தான். வாய் கோணியது.

"மாமா, நா உங்க வீட்டுக்குக் கொண்டாந்த கல்லு... இங்கேருந்துதான் எடுத்தேன். முள்ளுக்குள்ள சாஞ்சு கெடந்துச்சு. ரோட்டு வேலைக்காரங்க போட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேன்."

சுகந்திதான் சொன்னாள். குரலில் பயமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏலே, அது சுமைதாங்கிடா. புள்ளத்தாச்சியா செத்துப்போனவளுக்கு வைக்கிற கல்லு. அவ எறக்காமப் போன சுமைய, வழியில போறவங்களாச்சும் எறக்கி வைக்கட்டும்னு. அதக் கொண்டுபோயா சாக்கடையில போட்ட?"

வண்டி ஒரே தடவையில் கிளம்பியது. திண்டுக்கல் வரைக்கும் நேராக வந்தது. மருத்துவமனையில் குழந்தையின் நாடித்துடிப்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். வயிற்றுக் குழந்தை சில நேரம் வெகுநேரம் தூங்கும், ஆனாலும் உடனே வந்தது சரிதான் என்றார் டாக்டர். இருக்கலாம். பையைப் பற்றி அன்று ராத்திரி சுகந்தியிடம் கேட்டேன். "கீழதான வச்சேன்?" என்றாள்.

மறுநாள் முத்து ஆட்களோடு வந்து கல்லைப் பெயர்த்தான். புரட்டியபோது அடியில், இரண்டு ஓரத்திலும், தூண் உட்காருவதற்கான குழி வெட்டியிருந்தது. கழுவி, மஞ்சள் பூசி, கொண்டுபோய்த் தூண்கள்மேல் ஏற்றினான். குழியும் தூணும் பிசகாமல் பொருந்தின. முத்து ஒரு சேலை வாங்கிச் சாத்தினான். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். எங்கள் சக்கரம் தினமும் ஏறி இறங்கிய தடம், எத்தனை கழுவியும் கல்லில் கறுப்பாகத் தெரிந்தது.

மகள் பிறந்தாள். நல்ல சுகம். சுகந்தி ஏறினாலும் இப்போது ஸ்டியரிங் அசைவதில்லை. வருடாவருடம் ஓசியில் அலைன்மெண்ட் பார்த்துத் தருகிறார் பாய். "ஒண்ணுமில்லண்ணே" என்பார், என் முகத்தை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதை யாரிடமும் சொன்னதில்லை, சுகந்தியிடமும்.

ஊருக்குப் போகும்போது மகள் பின்னிருக்கையில் தூங்கிவிடுவாள். அந்த இடம் வரும்போது கண்ணாடியில் பார்ப்பேன். தூக்கத்திலேயே அவள் தலை மெல்லத் திரும்பும். போகும்போது இடப்பக்கம். வரும்போது வலப்பக்கம். அவளை இருக்கையின் அந்த ஓரத்தில் படுக்க வைத்துப் பார்த்தேன், இந்த ஓரத்தில் படுக்க வைத்துப் பார்த்தேன், தலைகாணி வைத்து அண்டக்கொடுத்தும் பார்த்தேன். தலைகாணி நழுவும், தலை திரும்பும். சுமைதாங்கி தாண்டியதும் பழையபடி நேராகிவிடும்.

வண்டி மட்டும் நேராகத்தான் போகிறது.